மடைச்சாமி கொடையில் ஒரு மத்தியானம்

பாட்டுக் கேட்டுவிட்டு வரத்தான் போனேன். “ரெண்டு நாள் அவனை விட்டுத் தள்ளி இருங்க. நீங்க மூச்சு விட்டாத்தான் அவனும் மூச்சு விடுவான்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாசி மாதத்தில் என் மகன் கதிர் உயிரை விடப் பார்த்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். காப்பாற்றிவிட்டோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு நான் அவன் அறை வாசலில் பாய் போட்டுப் படுத்தேன், குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்தேன், அவன் இருமினால்கூட எழுந்து உட்கார்ந்தேன். டாக்டர் என்னை ஏன் ஊரை விட்டு அனுப்பினார் என்பதற்கு இது போதும்.

என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் பேச்சியம்மாளுக்குச் சொந்த ஊர் பாபநாசம் போகும் வழியில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. வைகாசியில் அங்கே மடைச்சாமி கோயில் கொடை, அந்தப் பக்கத்துத் திருவிழா. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மேளமும் வில்லுப்பாட்டும்தான். “வாங்க டீச்சர். எங்க ஊர்ச் சத்தத்துல ஒங்களுக்கு வேற நெனப்பே வராது” என்றாள்.

கதிரும் நானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். காலையில் ஒரு மெசேஜ், ராத்திரி ஒரு மெசேஜ், அவனாகப் போடுவான். நான் கூப்பிடக் கூடாது. அவன் அப்பா இரண்டு நாளும் வீட்டில் இருப்பார். “போயிட்டு வாம்மா, ஒண்ணும் ஆகாது” என்று வாசல் வரை வந்தான். அந்த ‘ஒண்ணும் ஆகாது’ என்பதை வழி முழுக்க மனசுக்குள் புரட்டிக்கொண்டே போனேன்.

வெள்ளிக்கிழமை காலை திருநெல்வேலியில் இறங்கினோம். எங்கள் கோயமுத்தூரில் வைகாசி பிறந்தால் பாலக்காட்டுக் காற்று வந்துவிடும். இங்கே காற்றை எங்கேயோ கட்டிப்போட்டிருந்தார்கள். நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டோம். தேங்காய்ப்பாலில் காய் போட்ட இந்த வெளிறிய குழம்பை எங்கள் வீட்டில் வயிறு சரியில்லாதவர்களுக்குத்தான் கொடுப்போம். இந்த ஊரில் இது மறுவீட்டு விருந்து. பரிமாறியவர் என் இலையைப் பார்த்துவிட்டு, “என்னக்கா கோலம் போடுதிய? சாப்பிடுங்க” என்றார். சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை மெசேஜ் வந்திருந்தது: ‘எந்திரிச்சுட்டேன்.’

தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வேண்டும் என்று பேச்சி என்னைப் பாளையங்கோட்டைக்கு இழுத்துப் போனாள். நகரப் பேருந்தில் கல்லூரிப் பையன்கள் படிக்கட்டில் கொத்தாகத் தொங்கினார்கள். எல்லாருக்கும் கதிர் வயதுதான்.

“ஏலே, மேல ஏறி வாங்கலே. ஒங்கம்மை பெத்துப் போட்டது என் படியில தொங்கவா?” என்றார் நடத்துநர்.

“உள்ள எடம் எங்க இருக்கு அண்ணாச்சி? ஒங்க மடியில உக்காந்துக்கிடட்டா?”

பேருந்தே சிரித்தது. எங்கள் ஊர் நடத்துநர் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். நான் அந்தப் பையன்களின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், கம்பியைச் சரியாகப் பிடித்திருக்கிறார்களா என்று.

பாபநாசம் பேருந்து வீரவநல்லூர் தாண்டியதும் சக்கரம் பஞ்சராகி நின்றது. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. வயலோரம் ஒரு வேப்பமரத்தடியில் எல்லாரும் நின்றோம். பக்கத்தில், அணை பார்க்கப் போகும் மலையாளத் தம்பதி ஒன்று. எனக்கு மலையாளம் புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. “அந்தச் சேச்சியைப் பார். பேருந்தில் ஏறியதிலிருந்து போனை வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருக்கிறாள்” என்றாள் மனைவி. “யாருக்கோ உடம்பு சரியில்லையாக இருக்கும். நீ பார்க்காதே, அவளுக்குச் சங்கடம்” என்றார் கணவர். நான் வயலைப் பார்ப்பது போலத் திரும்பி நின்றுகொண்டேன். போனைப் பைக்குள் அடியில், துண்டுக்குக் கீழே வைத்தேன். பிறகு போனைத் துண்டுக்கு மேலே எடுத்து வைத்தேன்.

அடுத்த பேருந்தில் ஏறி வந்து ஊருக்குள் நுழையும்போதே மேளம் கேட்டது. பேச்சியின் அண்ணன் சங்கரபாண்டி எங்கள் பைகளை வாங்கிக்கொண்டார். வாழைத் தோட்டம் வைத்திருப்பவர், கொடைக் கமிட்டியிலும் இருக்கிறார். அவர் மனைவி கோமதியைப் பேச்சி ‘மதினி’ என்று கூப்பிட்டாள். நானும் அப்படியே கூப்பிட்டேன். சாயங்காலம் கோயில் முன்னால் இரண்டு ஊர் நையாண்டி மேளங்கள் எதிரெதிரே நின்று மல்லுக்கட்டின. ஒரு தவில்காரர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். எதிர்த் தவில்காரர் சிரித்துக்கொண்டே அதையே இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தார். என் விலா எலும்புக்குள் அடி விழுந்தது. நல்ல மேளம்தான். ஆனால் அந்தச் சத்தத்தில் போன் அடித்தால் கேட்காதே என்று அதைக் கைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருட்டியதும் மெசேஜ் வந்தது: ‘தூங்கப் போறேன்.’

ராத்திரிச் சாப்பாட்டின்போது மதினிதான் வாய் விட்டுவிட்டாள். “நாளைக்கு நம்ம பேச்சிதான டீச்சர் தாயா இருக்கணும்.”

பேச்சி என்னிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. சங்கரபாண்டி இலையை மடக்கிவிட்டு விவரம் சொன்னார். மடைச்சாமி உயிரோடு இருந்தபோது இந்த வீட்டுப் பிள்ளை. பல தலைமுறைக்கு முன் பெரிய மழையில் ஊர்க் குளம் உடையப் பார்த்தது, மடை அடைத்துக்கொண்டது. அதைத் திறக்க அவன் முங்கினான். மடை திறந்தது, குளம் பிழைத்தது, அவன் வெளியே வரவில்லை. அன்று மத்தியானம் முழுக்க ஊர் அதை அவன் தாயிடம் சொல்லவில்லை. யாருக்கும் வாய் வரவில்லை. பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து, உச்சிச் சோற்றையும் தின்ன வைத்தார்கள். பொழுது சாயும்போதுதான் சொன்னார்கள்.

“அழவே இல்லயாம்” என்றார் சங்கரபாண்டி. “‘அவன் மடைக்குள்ள கெடக்கையில என்னச் சோறு திங்க வச்சிட்டியளே’ன்னு மட்டும் கேட்டாளாம். அந்தக் கேள்விக்குத்தான் நாங்க வருசா வருசம் கொடை குடுக்கோம்.”

அதனால் ஆண்டுதோறும் அந்த வீட்டில் பிறந்த பெண் ஒருத்தி தாயாக இருக்க வேண்டும். கோயிலில் வில்லுப்பாட்டு அவன் சாவைப் பாடும் நேரத்தில் அவளை வீட்டுக்குள் வைத்துக் கதவடைத்து, ஊர்ப் பெண்கள் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தெருப் பக்கம் திரும்பிய குழாய் ஸ்பீக்கரை நிறுத்திவிடுவார்கள். பாட்டு முடிந்து புலவர் வாசலுக்கு வந்து சொல்லும்வரை அவளுக்கு எதுவும் தெரியக் கூடாது. இத்தனை வருடம் பேச்சியின் அம்மா இருந்தார்; அவருக்குப் பிறந்த வீடே இதுதான், கணவர்தான் வீட்டோடு வந்த மாப்பிள்ளை. அவர் போன ஐப்பசியில் தவறிவிட்டார். மதினி வாக்கப்பட்டு வந்தவள். அவள் இருக்க முடியாது. பேச்சிதான்.

“ஏன் பேச்சி எங்கிட்ட மொதல்லயே சொல்லலை?” என்றேன்.

“சொன்னா வந்திருப்பியளா டீச்சர்?” என்றாள். “எனக்குத் தனியா இருக்கப் பயமா இருந்துச்சு. நீங்களும் வந்தாப் பாட்டுக் கேப்பிய, நானும் ஒருமாதிரி இருந்துருவேன்னு பாத்தேன்.”

வந்திருக்க மாட்டேன். அது உண்மை.

சனிக்கிழமை விடிந்ததும் மெசேஜ் வந்தது. ‘சாப்ட்டேன்மா. நீ பாட்டுக் கேளு.’ இரண்டு வாக்கியம். ஒரு வாக்கியத்துக்கு மேல் அவன் எழுதி எத்தனையோ நாளாகிவிட்டது. அதைப் பேச்சியிடம் காட்டினேன், மதினியிடமும் காட்டினேன். மதினிக்கு விஷயம் தெரியும், பேச்சி சொல்லியிருக்கிறாள். “பெறவென்ன, தெளிஞ்சிட்டாம்லா” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். நொய்யலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஓடுகிற ஆறு என்பதே புதிது. தண்ணீர் முழங்காலைத் தள்ளியது. கொஞ்சம் தள்ளி, பையன்கள் படித்துறை மண்டபத்தின் மேலிருந்து தலைகீழாகக் குதித்தார்கள். ஒவ்வொருவனும் மேலே வருகிறானா என்று பார்க்காமல் என்னால் துணி பிழிய முடியவில்லை. “டீச்சர், அவனுவ மீனுக்குப் பொறந்தவனுவ. நீங்க தலையத் தொடைங்க” என்றாள் பேச்சி.

நாங்கள் திரும்பி வருவதற்குள் கோயிலில் வில்லுப்பாட்டு தொடங்கிவிட்டது. பந்தலில் பெரிய வில்லைக் குடத்தின் மேல் கிடத்தி, புலவர் அதன் நாணில் சலங்கை கட்டிய கோலால் வீசி அடித்தார். உடுக்கைக்கு ஒருவர், குடத்துக்கு ஒருவர், ஆமாம் போட ஒருவர். காலையில் பிறப்பு மட்டும்தான் பாடுவார்கள். புலவருக்கு வாய்த் துடுக்கு அதிகம்.

“கோயமுத்தூர்லருந்து ஒரு டீச்சர் வந்திருக்காவ” என்றார் மைக்கில்.

“ஆமா, வந்திருக்காவ” என்றார் ஆமாம் போடுகிறவர்.

“தப்பாப் பாடுனா பெஞ்சு மேல ஏத்திருவாவளோ?”

“ஒம்ம ஏத்துனா பெஞ்சுல்லாவே ஒடிஞ்சு போவும்.”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. புலவர் பருத்த மனிதர். அடுத்த கணமே முகம் மாறி, பிள்ளையில்லாத ஒருத்தி குளத்தங்கரையில் விளக்கேற்றி வேண்டிக்கொண்டதைப் பாடினார். பிள்ளை பிறந்த இடத்தில் பெண்கள் குலவை போட்டார்கள். அவன் தவழ்ந்தது, விழுந்தது, பல் முளைத்தது, தாயைக் கடித்தது என்று ஒன்று விடாமல் பாடினார். கடித்த இடத்தைத் தாய் ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டாளாம். நானும் சிரித்தேன். கதிர் என் தோளில் கடித்த தழும்பு எனக்கும் உண்டு. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. போன் மடியில் கிடந்தது, நான் அதைப் பார்க்கவே இல்லை. டாக்டர் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

உச்சி நெருங்கியதும் மதினி வந்து பேச்சியையும் என்னையும் எழுப்பினாள்.

வீட்டுக்குள் ஏழெட்டுப் பெண்கள். வாசலில் ஒருத்தி சொளவை நீட்டிக்கொண்டு நின்றாள், புடைக்கிற முறம். அதில் எல்லாருடைய போனும் கிடந்தது. என்னுடையதையும் கேட்டாள். தயங்கினேன்.

“போன வருசம் இவ வீட்டுக்காரரு துபாயிலருந்து கூப்ட்டு, ‘சாமி மடைக்குள்ள எறங்கிட்டாரா’ன்னு ஸ்பீக்கர்ல கேட்டுப்புட்டாரு டீச்சர்” என்றாள் மதினி, பக்கத்தில் நின்றவளைக் காட்டி. “தாய் உள்ள உக்காந்திருக்கா. ஊரே ஆடிப்போச்சு.”

“அந்த மனுசனுக்கு நெதம் நான் போன் பண்ணாலும் எடுக்க மாட்டாரு. அன்னைக்குன்னு பாத்து அவரே கூப்ட்டாரு” என்றாள் அந்தப் பெண்.

அடுத்த மெசேஜ் ராத்திரிதான். போனைச் சொளவில் வைத்தேன். அதை அப்படியே எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சங்கரபாண்டி காவல். ஆண்கள் யாரும் தாய் வீட்டுக்குள் வரக் கூடாது. கதவை அடைத்தார்கள்.

பேச்சி புதுச் சேலை கட்டி நடுவில் உட்கார்ந்தாள். முன்னால் இரண்டு இலை போட்டார்கள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று வெளியே போயிருக்கும் மகனுக்கு. சோறு, அவியல், புளிக்கறி, அப்பளம், பாயசம். பேச்சி முறைப்படி கேட்டாள்: “எம்மவன் எங்க, காணல?”

அதற்காகவே காத்திருந்தது போல ஆளுக்கொரு பொய் சொன்னார்கள்.

“அம்பாசமுத்திரத்துல புதுப்படம் போட்டிருக்கான்லா, அதுக்குப் போயிருக்கான்.”

“இல்லத்தா, முடிவெட்டப் போனான். அங்கன கூட்டமாம்.”

“பொண்ணு பாக்கப் போயிருக்கான். ஒங்கிட்டச் சொன்னா நீ நக கேப்பன்னு சொல்லல.”

“எட்டி, போன வருசமும் பொண்ணுதான பாத்தான். இன்னும் அமையலயா அவனுக்கு?”

“சாமிக்குப் பொண்ணு குடுக்க எவன் வருவான்?” என்று ஒருத்தி வாய் தவறிச் சொல்ல, இன்னொருத்தி அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். உள்ளே இருக்கும்வரை அவன் சாமி இல்லை, பிள்ளைதான். பேச்சியும் சிரித்துவிட்டாள். எனக்கும் இலை போட்டார்கள். அவியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். எங்கள் பக்கம் இவ்வளவு தேங்காய் அரைக்க மாட்டோம். சாப்பாடு முடிந்தும் முந்திரிக்கொத்தும் முறுக்கும் வந்தன. பேச்சு நிற்கவே கூடாது என்பதால் தங்கம் விலை, மருமகள், ரேஷன் கடை என்று மாற்றி மாற்றிப் பேசினார்கள். வெளியே வில்லுச் சத்தம் பஞ்சுக்குள் வைத்த மாதிரி மங்கலாகக் கேட்டது. சொற்கள் கேட்கவில்லை.

இடையில் யாரோ பின்கதவைத் தட்டினார்கள். மதினி எழுந்து போனாள். திரும்பி வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே இன்னொரு முந்திரிக்கொத்தை என் கையில் வைத்தாள். முகம் கழுவியிருந்தாள்.

“ஒங்க ஊர்ல சேல நல்லா மலிவாமே டீச்சர்?” என்றாள். குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் அடுத்தவள் காதில் ஏதோ சொன்னாள். அது அடுத்தடுத்த காதுக்குப் போனது. அதுவரை பேச்சியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். கோவையில் மழையா, எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், தலைக்கு என்ன எண்ணெய். என் பதிலை யாரும் கேட்கவில்லை. அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். “ஒங்க மவன் நல்லா வருவான் டீச்சர்” என்றாள் துபாய்க்காரர் மனைவி, யாரும் அவனைப் பற்றிப் பேசாதபோது.

கையிலிருந்த முந்திரிக்கொத்தைக் கீழே வைத்தேன். “மதினி, என்ன சேதி வந்துச்சு?” என்றேன்.

“ஒண்ணுமில்ல டீச்சர். தேங்கா ஒடைக்க ஆள் கேட்டாவ.”

எழுந்து வாசல் பக்கம் போனேன். கதவருகே இருந்தவள் என் கையைப் பிடித்தாள். “தாய் இருக்கையில கதவத் தொறக்கக் கூடாது. இந்தா, முடியப் போவுது. பைய உக்காருங்க.”

அவளைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். பேச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. என் பயம்தான் என்னை இழுக்கிறது, டாக்டர் சொன்னது இந்த வியாதியைத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வில்லு நின்றது. தெரு முழுக்கக் காலடிச் சத்தம். கதவைத் திறந்தார்கள். வாசலில் புலவர், அவருக்குப் பின்னால் ஊர். காலையில் அத்தனை துடுக்காகப் பேசியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “ஒம்மவன் வரமாட்டாந் தாயி. மடையத் தொறந்துட்டுப் போயிட்டான்” என்றார். பாட்டாக அல்ல, பேச்சாகவே சொன்னார்.

பேச்சி இலையைப் பார்த்தாள். “அவன் மடைக்குள்ள கெடக்கையில என்னச் சோறு திங்க வச்சிட்டியளே” என்றாள். அவள் அம்மாவை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, குரல் உடைந்துவிட்டது. வாசலில் நின்ற ஆண்கள் எல்லாரும் தெருமண்ணில் விழுந்தார்கள். “தப்புத்தான் தாயி, மன்னிச்சிரு” என்று ஒரே குரல். சங்கரபாண்டியும் விழுந்தார்.

எழுந்தபோது அவர் நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. மடியிலிருந்து என் போனை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

“டீச்சர், அண்ணாச்சி கூப்ட்டாவ.”

“எப்ப?”

“கதவடச்ச கொஞ்ச நேரத்துல.”

கூப்பிட்டேன். கதிரின் அப்பா எடுத்ததும், “எங்க வந்துட்டிருக்க?” என்றார். நேற்று ராத்திரி கதிர் அவரை எழுப்பி, ‘எனக்கு மறுபடி அந்த நெனப்பு வருதுப்பா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று சொல்லியிருக்கிறான். கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவன்தான் சொல்லியிருக்கிறான். மத்தியானம் மனசு மாறி, அம்மா வேணும் என்றிருக்கிறான். “உன்ற போன அந்தண்ணன்தான் எடுத்தாரு. உடனே சொல்லீர்றேன்னாரு. நீ கெளம்பிட்டேன்னு நெனச்சு நானும் அவங்கிட்ட அம்மா வந்துட்டே இருக்கான்னு சொல்லிப்புட்டேன். அவன் அப்பருந்து கதவையே பாத்துட்டிருக்கான்.”

உயிருக்கு ஒன்றுமில்லை. அதையும் சொல்லிவிட்டார். ஆனாலும் தின்ற அவியல் நெஞ்சுக்குள் நின்றது.

“ஏன் சொல்லலை?” என்று மதினியைக் கேட்டேன். கத்தினேன் என்று பிறகு பேச்சி சொன்னாள்.

“எப்படிச் சொல்லுவேன் டீச்சர்?” மதினி அழுதுகொண்டிருந்தாள். “தாய் இருக்க வீட்டுக்குள்ள பிள்ளையப் பத்தின கெட்ட சேதி போவக் கூடாது. போனா அந்தப் பிள்ளைக்கும் மடைதான்னு சொல்லுவாவ. ஒங்க மவனுக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னுதான் வாய அடச்சிக்கிட்டு இருந்தேன்.”

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. என் மகனைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவன் என்னைத் தேடிய நேரம் முழுக்க எனக்குத் தங்கம் விலை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பேச்சிதான் வெடித்தாள். “ஏலே சங்கரபாண்டி, இப்பதான என் கால்ல விழுந்த? எதுக்குலே விழுந்த? என்னைக்கோ ஒருத்திகிட்ட மறைச்சதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டு, கையில போன வச்சிக்கிட்டு நின்னியே.” தங்கைதான், ஆனால் அன்று அவள் தாய். சங்கரபாண்டி நிமிரவில்லை. புலவர் தன் கோலைக் கீழே வைத்துவிட்டுத் தூரப் போய் நின்றார். அன்று காலையிலிருந்து அந்த ஊரில் நான் கேட்ட முதல் அமைதி அதுதான்.

கொடை நாளில் ஊருக்குள் பேருந்து வராது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் புறப்பட்ட சிறு லாரியை சங்கரபாண்டியே ஓடிப்போய் நிறுத்தினார். பேச்சி என்னோடு ஏற வந்தாள். தாயாக இருந்தவள் மறுநாள் சாமிக்குப் பொங்கலிடும் வரை ஊரெல்லையைத் தாண்டக் கூடாது என்று மதினி சொல்லவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நான்தான் வேண்டாம் என்றேன். அவளுடைய ஊர் அது. அவள் அங்கே திரும்பி வர வேண்டியவள். “டீச்சர், நான்தான் ஒங்களக் கூட்டியாந்தேன்” என்று மட்டும் சொன்னாள். லாரி நகர்ந்தது.

ஓட்டுநர் வழியெல்லாம் பாட்டுப் போடவில்லை. முக்கூடல் விலக்கில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தபோதும் ஒலிப்பானை அழுத்தாமல் இறங்கிப் போய் விரட்டிவிட்டு வந்தார். நேரமாகிறதே என்று எனக்கு அழுகை வந்தது. ஜங்ஷன் போய்ச் சேர்ந்தபோது பகல் வண்டிகள் எல்லாம் போயிருந்தன. ராத்திரி வண்டிதான். எதிர் இருக்கையில் மேலப்பாளையத்து அம்மா ஒருவர், மகளின் பிரசவத்துக்குப் போகிறார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டி, “அல்லா லேசாக்குவான். குடிங்கம்மா” என்றார். அன்று முழுக்க என் கையில் சாப்பிட எதையாவது வைத்தவர்களில், எதையும் மறைக்காமல் வைத்தவர் அவர் ஒருவர்தான். குடித்தேன். பிறகு மூடிக்கொண்ட கண்ணுக்குள், ஜன்னலைப் பார்க்காமல் கதவைப் பார்த்துப் படுத்திருக்கும் கதிர்தான் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் விழித்திருந்தான். அவன் அப்பா சவரம் செய்யாத முகத்தோடு ஜன்னலோரம் நின்றார்.

“நேத்தே வந்துருவேன்னு அப்பா சொன்னாரு” என்றான்.

பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வழி முழுக்க அதைத்தான் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் மனசு நோகக் கூடாது. டாக்டரும் அப்படித்தான் சொல்வார் என்று நினைத்திருந்தேன். கையில் முந்திரிக்கொத்தை வைத்தபோது மதினியும் இப்படித்தான் நினைத்திருப்பாள்.

“எனக்குச் சாயங்காலந்தான் கண்ணு சொன்னாங்க” என்றேன்.

“ஏன்?”

சொன்னேன். வீடு, இரண்டு இலை, குளம், மழை, மடை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மடைச்சாமி முங்கிய இடம் வந்ததும் நின்றுவிட்டேன்.

“அப்புறம்?”

“அந்தப் பாட்டை நான் கேக்கலை. அப்பத்தான் எங்களை உள்ள வச்சுக் கதவச் சாத்துனாங்க.”

“செத்துட்டான்” என்றான் கதிர்.

அவன் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஆமா” என்றேன். இந்த நான்கு மாதத்தில் அந்தச் சொல் எங்கள் மூவருக்கும் நடுவில் வந்தது அதுதான் முதல் தடவை.

அவன் போர்வை நுனியைச் சுருட்டினான். “நேத்துக் காலைல போட்ட மெசேஜ் இங்கிருந்துதாம்மா போட்டேன்” என்றான். “சாப்புடவும் இல்லை.”

“தெரியும்.”

“இனிமே நல்லா இல்லைன்னா இல்லைன்னே போடறேன். நீ அழக் கூடாது.”

அழ மாட்டேன் என்று சொன்னால் அவன் ஒரு நொடிதான் நம்புவான்.

“அழுவேன்” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். அவன் என் முகத்தை அப்படி நேராகப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

“செரி” என்றான். “அழு. ஆனா, போடுவேன்.”